ஒரு பொருள், மூன்று வகுப்புகள்

நுண்கலைக் கல்லூரியிலோ விஸ்காம் துறையிலோ முதலாண்டு சேர்ந்தவர்களுக்கு மூன்று வகுப்புகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை வந்து சேரும். டிராயிங்குக்கு ஒரு ஸ்டில் லைஃப், பெயின்டிங்குக்கு ஒரு கம்போசிஷன், கிராஃபிக் டிசைனுக்கு ஒரு போஸ்டர் அல்லது பெயர்ப்பலகை. மூன்றுக்கும் தனித்தனியாகப் பொருள் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். மீதி நாளில் மூன்றையும் அவசரமாக முடிக்க வேண்டியிருக்கும். இந்த அத்தியாயம் வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே வரையுங்கள், அதையே வண்ணத்தில் தீட்டுங்கள், கடைசியில் அதற்காகவே ஒன்றை வடிவமையுங்கள்.

இதில் நேரம் மிச்சமாகும். ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. டிராயிங் வகுப்பு, கண்முன் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. பெயின்டிங் வகுப்பு, ஒரு நிறம் பக்கத்து நிறத்தை என்ன செய்கிறது என்று கேட்கிறது. டிசைன் வகுப்பு, பார்ப்பவருக்காக எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை காணாதவரால் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாது. எதையெல்லாம் விடலாம் என்று முடிவெடுக்க, அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

துறை பிரிவதற்கு முன் எல்லோரும் பொதுவான அடிப்படைப் பாடங்களைக் கற்க வேண்டும் என்ற முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் வைமர் நகரில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் யோஹன்னஸ் இட்டன் நடத்திய அடிப்படைப் பாடம், பின்னாளில் உலகின் பல கலைக் கல்லூரிகளுடைய முதலாண்டுக்கு முன்மாதிரியானது. நம் ஊரிலேயே ஒரு சான்று வேண்டுமென்றால் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் (1938–2008) பாருங்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் அவர் வரைந்த கறுப்பு-வெள்ளைக் காந்தி கோட்டோவியங்கள், பெரிய கேன்வாஸ்களில் தீட்டிய அரூப வண்ண ஓவியங்கள், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள் எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தவை. அவருடைய தலைப்பெழுத்துகளின் வீச்சில் அவருடைய கோட்டோவியத்தின் துணிச்சலைக் காணலாம்.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல பொருளுக்கு நான்கு தகுதிகள் வேண்டும். வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் பலமுறை திரும்பப் போவீர்கள். வெவ்வேறு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைந்தும் தெரிந்தும் கிடக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு ஊருக்குச் சொல்ல ஏதாவது ஒரு செய்தி இருக்க வேண்டும். இஸ்திரி வண்டி, பூக்கடை, பஞ்சர் கடை, கரும்புச்சாறு வண்டி என எதுவும் பொருந்தும். இந்த அத்தியாயம் முழுக்கச் சாலையோர இளநீர்க் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாளே நோட்டை விரிக்காதீர்கள். ஓர் இளநீர் வாங்கிக் குடியுங்கள். கடைக்காரரிடம் பேசுங்கள். "அண்ணே, நான் காலேஜ்ல படம் வரையப் படிக்கிறேன், உங்க கடைய வரையலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, சரக்கு எப்போது வந்து இறங்குகிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள். கடைசி இரண்டு வாரங்களில் அவரே உங்கள் வாடிக்கையாளர் ஆகப்போகிறார்.

மொத்தம் 6 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் முதல் 2 வாரம் டிராயிங், அடுத்த 2 வாரம் பெயின்டிங், கடைசி 2 வாரம் டிசைன் என்று பிரிக்கலாம். மூன்று வகுப்புகளின் சப்மிஷனும் ஒரே வாரத்தில் வந்தால், முதல் வாரத்தை முழுக்கக் கடையடியில் கழித்துவிட்டு மற்றவற்றை இணையாக நடத்துங்கள்.

தேவையானவை

• எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ரப்பர், சீவுவதற்குக் கத்தி
• ஏ4 அளவு ஸ்கெட்ச் புத்தகம் ஒன்று; அரை இம்பீரியல் அளவில் (15 × 22 அங்குலம்) கார்ட்ரிட்ஜ் ஷீட்டுகள்
• வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாள்
• எலுமிச்சை மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா, வெள்ளை ஆகிய 5 போஸ்டர் கலர்கள்
• 2, 6, 10 எண் வட்ட பிரஷ்கள். ஓர் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று
• தண்ணீருக்கு இரண்டு குவளைகள்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க
• அட்டையில் வெட்டிய இரண்டு 'ட' வடிவத் துண்டுகள்

பென்சில் எண்களின் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. 1795-இல் பிரான்ஸில் நிக்கோலா-ஜாக் கோன்டே, கிராஃபைட் பொடியைக் களிமண்ணுடன் கலந்து சுடும் முறையைக் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் முனை கடினமாகி கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகி கோடு கறுக்கும். 6பி போட வேண்டிய இடத்தில் எச்பியை அழுத்தித் தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பளபளத்துக் கெடுமே தவிர, கறுப்பு வராது.

முதல் பகுதி: டிராயிங்

1. வேகக் கோடுகள். முதல் இரண்டு நாட்கள் ஒரு படத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கடைக்காரர் குலையிலிருந்து காயை அறுப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், அரிவாளால் சீவுவார், நீட்டுவார். அவருடைய உடலின் சாய்வையும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும் விசையையும் மட்டும் பிடியுங்கள். முகம், சட்டைப் பொத்தான் எல்லாம் பிறகு.

அவர் அசைந்துகொண்டே இருப்பதால் வரைய முடியவில்லை என்று தோன்றும். ஆனால் அவர் செய்வது அதே நான்கைந்து அசைவுகள்தான். ஒரே பக்கத்தில் மூன்று படங்களைத் தொடங்குங்கள்: கை ஓங்கியிருப்பது, அரிவாள் இறங்கியிருப்பது, காயை நீட்டுவது. எந்த நிலைக்கு அவர் திரும்பி வருகிறாரோ அந்தப் படத்தில் அடுத்த கோட்டைச் சேருங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்றும் தேறிவிடும்.

2. புறக்கோடு. அடுத்து ஒரே ஒரு காய். கிமோன் நிக்கோலாய்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியரின் பயிற்சி நூல் அவர் மறைந்தபின் 1941-இல் வெளியானது. அதன் முதல் பயிற்சி இதுதான்: பென்சில் முனை தாளைத் தொடவில்லை, பொருளின் விளிம்பையே தொடுகிறது என்று நம்பிக்கொண்டு, கண் நகரும் வேகத்திலேயே கையை மெதுவாக நகர்த்துவது. தாளைப் பார்க்கக் கூடாது. வரும் படம் கோணலாகத்தான் இருக்கும். அதை மதிப்பிடாதீர்கள்; பார்வையின் வேகத்தைக் குறைப்பதுதான் இங்கே நடக்கிறது.

இந்த மெதுவான பார்வையில் ஒன்று தெரியவரும். இளநீரைப் பந்துபோல வரைவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். உண்மையில் அதற்கு மூன்று மழுங்கிய விளிம்புகள் உண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முனை உருண்ட முக்கோணம். காம்பைச் சுற்றி இதழ்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். மூன்று விளிம்புகளுக்கு நடுவில் மூன்று பரந்த முகங்கள். இதைக் கண்டுவிட்டால் நிழல் எங்கே திரும்ப வேண்டும் என்பதும் தானாகத் தெரியும்.

3. அளவும் இடைவெளியும். குவியலை வரையும்போது காய்களை எண்ணத் தொடங்காதீர்கள். கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளந்து, குவியலின் உயரம் அகலத்தில் எத்தனை பங்கு என்று முதலில் குறியுங்கள். பிறகு காய்களுக்கு நடுவே தெரியும் இருண்ட சந்துகளை வரையுங்கள். காய் எப்படி இருக்கும் என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருப்பதால் அதை வரையும்போது கை ஏமாற்றும். சந்துக்கு மனத்தில் படம் இல்லை; அதனால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வரைய வேண்டியிருக்கும்.

4. கண்மட்டம். சீவிய காயின் வாய் வட்டம்தான். பார்க்கும் கோணத்தால் அது நீள்வட்டமாகத் தெரிகிறது. உங்கள் கண்மட்டத்துக்கு நெருங்க நெருங்க அது தட்டையாகும். கீழே இறங்க இறங்க அகலும். மேசையின் மேல் வைத்த காயின் வாயும் தரையில் கிடக்கும் காயின் வாயும் ஒரே நீள்வட்டமாக வந்தால் படம் பொய்யாகிவிடும். அதனால் வரையத் தொடங்கும் முன்பே கண்மட்டத்தை ஒரு மெல்லிய கோடாக ஷீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நின்று தொடங்கினால் நின்றே முடியுங்கள்.

5. டோன். ஷீட்டின் ஓரத்தில் 5 கட்டங்கள் போட்டு, தாளின் வெள்ளையிலிருந்து 6பியின் கறுப்பு வரை நிரப்புங்கள். பிறகு கண்ணைச் சுருக்கிக் கடையைப் பாருங்கள். நிறம் மங்கி வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. தார்ப்பாய் நிழலில் இருக்கும் சீவிய காயின் வெள்ளையைவிட, வெயில் நேராக விழும் பச்சைக் காயின் மேல்பக்கம் வெளிச்சமாக இருக்கலாம். 'வெள்ளை' என்ற பெயரை நம்பித் தாளை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எந்தக் கட்டத்து டோன் என்று முடிவு செய்யுங்கள்.

முடிவான ஷீட்டுக்கு முன் 'ட' வடிவ அட்டைகள் இரண்டையும் எதிரெதிராகப் பிடித்துச் சட்டமாக்கி, எந்த வெட்டு நன்றாக இருக்கிறது என்று தேடுங்கள். குறைந்தது 6 தம்ப்நெயில்கள் போடுங்கள். குவியலை நடுவில் வைப்பது, ஓரமாகத் தள்ளுவது, கடைக்காரரின் கையும் காயும் மட்டும் நிறைவது என்று ஒவ்வொன்றும் வேறு கதை சொல்லும்.

புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து மட்டும் வரையாதீர்கள். கேமரா, நிழலுக்குள் இருப்பதை ஒரே கறுப்பாக அடைத்துவிடும். உங்கள் கண் அந்த நிழலுக்குள் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தையும் பார்க்கும்.

இரண்டாம் பகுதி: பெயின்டிங்

டிராயிங் முடிந்ததும் அதன்மேலேயே வண்ணம் பூசுவது பெயின்டிங் ஆகாது. இங்கே கேள்வியே வேறு.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் கவனித்துவந்தார். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தாம் அதை வெளிறிக் காட்டின. அண்டை நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுவதைப் பற்றிய அவருடைய நூல் 1839-இல் வெளிவந்தது. பௌஹவுஸில் படித்து அங்கேயே ஆசிரியரான ஜோசஃப் ஆல்பர்ஸ், இதையே வகுப்பறைப் பயிற்சிகளாக வளர்த்து 1963-இல் நூலாக்கினார்.

ஆல்பர்ஸ் வண்ணத் தாள்களை வைத்துச் செய்யச் சொன்ன பயிற்சி ஒன்றை முதலில் செய்யுங்கள். ஒரே பச்சைத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்கள் வெட்டுங்கள். ஒன்றை மஞ்சள் தாளின் நடுவிலும் மற்றொன்றை அடர்நீலத் தாளின் நடுவிலும் ஒட்டுங்கள். ஒரே பச்சை இரண்டு பச்சைகளாகத் தெரியும். இதைக் கண்ணால் பார்த்தவர் அதற்குப் பிறகு, "இளநீருக்கு எந்தப் பச்சை டியூப் வாங்கணும்?" என்று கேட்க மாட்டார்.

1. கலவை அட்டவணை. கடையில் கிடைக்கும் பச்சையை வாங்காதீர்கள். எலுமிச்சை மஞ்சளில் அல்ட்ராமரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 6 பச்சைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பர்ன்ட் சியன்னாவையோ கிரிம்சனையோ ஒரு துளி சேர்த்து அதன் பளிச்சென்ற தன்மையைக் குறையுங்கள். இப்போது உங்களிடம் 12 பச்சைகள். இந்த அட்டவணையைக் கடைக்கு எடுத்துப்போய்க் காயின் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் காயின் பச்சை, பெரும்பாலும் அட்டவணையின் மங்கிய வரிசையில்தான் இருக்கும். செவ்விளநீர் இருந்தால் அதிர்ஷ்டம்: பச்சைக்கு எதிர் நிறமான சிவப்பின் சாயல் கொண்ட செம்மஞ்சள் அருகில் வந்து இரண்டையும் துலக்கும்.

2. சிறு வண்ணப் படிப்புகள். அஞ்சலட்டை அளவில் மூன்று செய்யுங்கள்: காலை 8 மணி, நண்பகல், விளக்கு போட்டபின். விவரம் வேண்டாம், ஏழெட்டு வண்ணத் திட்டுகள் போதும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் காய்களின் மேல் நீல வெளிச்சம் படிவதையும், வெள்ளைச் சீவல்கூட நீலமாவதையும் இங்கேதான் கண்டுபிடிப்பீர்கள். மூன்றில் எது உங்களை இழுக்கிறதோ அதையே பெரிய படத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

3. நிழலின் நிறம். நிழலுக்குக் கறுப்பு கலக்காதீர்கள். மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் அதுவே ஒரு சேற்றுப் பச்சையாகிவிடும். பச்சைக் காயின் நிழல்பக்கத்துக்கு அதே பச்சையில் கொஞ்சம் கிரிம்சனும் அல்ட்ராமரினும் சேருங்கள். தரையில் விழும் நிழலுக்குத் தரையின் நிறத்திலிருந்து தொடங்குங்கள். செம்மண்ணில் விழும் நிழலும் தார்ச்சாலையில் விழும் நிழலும் ஒன்றல்ல.

4. பெரிய படம். தாளின் நான்கு ஓரங்களையும் பேப்பர் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். டிராயிங் ஷீட்டிலிருந்து முக்கியமான கோடுகளை மட்டும் மெல்லிதாக மாற்றுங்கள். முதலில் நிழல்களின் எல்லையைக் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வெயில் நகர்ந்துவிடும், நகர்ந்த நிழலைத் துரத்தினால் படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். பெரிய தட்டை பிரஷ்ஷால் பெரிய பரப்புகளை முடித்தபின் சின்ன பிரஷ்ஷை எடுங்கள்.

போஸ்டர் கலரைத் தண்ணீர் கூட்டி மெல்லிதாகவும் தீட்டலாம், குழைவாக மூடியும் தீட்டலாம். மெல்லிதாகத் தீட்டினால் தாளின் வெள்ளைதான் வெளிச்சம். வெளிறியதிலிருந்து அடர்வுக்குப் போக வேண்டும். மூடித் தீட்டினால் அடர்விலிருந்து வெளிச்சத்துக்கு வரலாம். இரண்டையும் திட்டமில்லாமல் கலக்காதீர்கள். காய்ந்ததும் வெளிர் நிறங்கள் சற்றே கறுப்பதும் அடர்நிறங்கள் சற்றே வெளிறுவதும் இந்த வண்ணத்தின் இயல்பு. ஒவ்வொரு கலவையையும் துண்டுத் தாளில் பூசி, காயவிட்டுப் பார்த்தபின் படத்தில் வையுங்கள். மிகத் தடிப்பாகப் பூசினால் வெடித்து உதிரும்.

எப்போது நிறுத்துவது? படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். எந்த இடமாவது காரணமில்லாமல் கண்ணைப் பிடித்து இழுத்தால் அதை அடக்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் பகுதி: டிசைன்

இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள், நம் வீடுகளில் புழங்கும் செம்பு. கையில் எப்படி நிற்கிறது, தலையில் சுமந்தால் எப்படி, நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எங்கே விழுகிறது, எப்படிக் கழுவுவது, என்ன செலவாகும் என்று ஒரு செம்பைச் சுற்றி அவர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். டிசைன் வகுப்பின் முதல் வேலை அதுதான். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள்.

1. தேவை. கடைக்காரரிடம் கேளுங்கள்: வண்டியில் பலகை மாட்ட எவ்வளவு இடம் உண்டு? மழையில் நனையுமா? இரவில் வெளிச்சம் உண்டா? விலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும்? நின்று குடிப்பவர்கள் அதிகமா, வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களா? விலை அடிக்கடி மாறும் என்றால் பலகையில் விலையை அச்சடிக்கக் கூடாது. சாக்பீஸால் எழுதி அழிக்க ஒரு கறுப்புக் கட்டம் விட வேண்டும். இந்த ஒரு முடிவு, அழகான பல போஸ்டர்களைவிட அவருக்கு உதவும். கிடைத்த விடைகளை ஐந்து வரியில் எழுதி அவரிடமே படித்துக்காட்டி உறுதி செய்யுங்கள்.

2. எழுத்தின் அளவு. பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 அடி தொலைவுக்கு 1 அங்குல எழுத்து உயரம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இருசக்கர வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கும். 30 மீட்டருக்கு முன்பே பலகை கண்ணில் பட்டால்தான் படித்து, மனம் வைத்து, ஓரங்கட்ட மூன்றரை நொடியாவது கிடைக்கும். 30 மீட்டர் என்பது ஏறத்தாழ 100 அடி. ஆக, முதன்மை எழுத்து 10 அங்குலம். பலகை 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் அதில் ஒரு சொல்தான் பெரிதாக நிற்கும். அந்தச் சொல் 'இளநீர்'. கடையின் பெயர், ஊர்ப்பெயர், தொலைபேசி எண் எல்லாம் நின்று பார்ப்பவருக்கானவை. அவற்றை 2 அங்குலத்துக்குக் குறைத்துவிடலாம்.

3. எழுத்தின் வடிவம். 'இளநீர்' என்பதில் நான்கு எழுத்துகள். இ, ள இரண்டும் அகலமாகப் பரந்து உட்காரும். 'நீ'யின் சுழியும் 'ர்' மேலுள்ள புள்ளியும் வலப்பக்கம் மேலே எழும்பும். அதனால் சொல்லின் இடப்பக்கம் மேலே ஒரு காலியிடம் இயல்பாகவே விழுகிறது. படமோ குறியோ வைக்க வேண்டிய இடம் அதுதான். ஆங்கில எழுத்துகளுக்குப் போடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். எழுத்து அளவைப்போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளி கொடுத்துத் தொடங்குங்கள். அகலம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். செங்குத்துக் கோடு தடித்து, கிடைக்கோடு மெலிந்து, சுழிகள் நசுங்கும்.

முடிந்தால் எழுத்தைக் கையால் வரையுங்கள். டிராயிங் வாரத்தில் பயின்ற மெதுவான பார்வை இங்கே உதவும்: 'ள'வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை, காய்களுக்கு நடுவே நீங்கள் வரைந்த சந்துபோலவே ஒரு வடிவம். ஊரில் இன்னும் கையால் போர்டு எழுதுகிறவர் இருந்தால் அவர் எழுதும்போது அருகில் நின்று பாருங்கள். ஃபான்ட்தான் வேண்டும் என்றால் முக்தா மலர், பாலு தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளவற்றை எடுங்கள்.

4. குறியீடு. உங்கள் டிராயிங்குகளைப் பரப்பிவைத்து, ஒரே காயை ஐந்து படிகளில் எளிமையாக்குங்கள். முதல் படியில் டோன் முழுக்க இருக்கட்டும். இரண்டாவதில் மூன்று டோன்கள். மூன்றாவதில் புறக்கோடும் விளிம்புகளும். நான்காவதில் நிழலுருவம். ஐந்தாவதில் எது போனால் இளநீர் என்று தெரியாமல் போகுமோ அது மட்டும். நான்காவது படியில் வெறும் நிழலுருவம் மாங்காயாகவும் தெரியலாம், பந்தாகவும் தெரியலாம். சாய்வாகச் சீவிய வெள்ளை முகங்களும் நடுவிலுள்ள துளையும் வந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும். அதனால் அவையே உங்கள் குறியின் உயிர். ஓர் அங்குல அளவுக்குச் சுருக்கியும், கறுப்பு-வெள்ளையிலும் சோதியுங்கள்.

5. நிறம். பெயின்டிங்கில் கற்றது இங்கே நேராகப் பயன்படும். கடை மரத்தடியில் இருந்தால் பச்சைப் பலகை இலைகளோடு கலந்து மறையும். இளநீர் பச்சை என்பதற்காகப் பலகையும் பச்சையாக வேண்டியதில்லை. பலகை மாட்டும் இடத்தைப் புகைப்படம் எடுத்து, அதன்மேல் மூன்று நிறங்களை வைத்துப் பாருங்கள். பிறகு படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். அதிலும் எழுத்து துலக்கமாக நின்றால்தான் நிறம் தேர்வு பெற்றது.

6. அச்சுக்கு அனுப்புதல். கையால் வரைந்ததை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் போன்ற இலவச வெக்டர் மென்பொருளில் கோடுகளாக மாற்றுங்கள். வெக்டர் கோடு எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. திரையின் நிறம் ஒளியால் ஆனது, அச்சு நிறம் மையால் ஆனது. திரையில் ஒளிரும் பச்சை அச்சில் மங்கும். எனவே சிறு துண்டு ஒன்றை அச்சடித்துப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். தாள் அச்சு என்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீடு (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் அச்சுப் பரப்பு) விடுங்கள். தமிழ் எழுத்துகளைக் கண்டிப்பாக கர்வ்ஸாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுங்கள். அச்சகத்துக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டங்களாகவோ சிதைந்தோ வரும். அனுப்பும் முன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒற்று விட்டுப்போன பலகை வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நிற்கும்.

சப்மிஷனும் விமரிசன அமர்வும்

முடிந்த மூன்று படைப்புகளை மட்டும் வைத்துவிட்டு வராதீர்கள். வழியையும் காட்டுங்கள். வேகக் கோடுகளில் நான்கு, தம்ப்நெயில்கள், பச்சை அட்டவணை, மூன்று வண்ணப் படிப்புகள், குறியீட்டின் ஐந்து படிகள் ஆகியவற்றை இரண்டு ஷீட்டுகளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் என்ன முடிவெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியருக்கு உங்கள் சிந்தனை அதில்தான் தெரியும். எல்லாவற்றையும் திறந்த நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் படத்துக்கு நேரெதிராகப் பிடித்துப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். பிற்காலத்தில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ கேட்கும் போர்ட்ஃபோலியோவுக்கு இந்தப் பக்கங்களே ஆதாரம்.

அமர்வில் "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு உதவும் விடை கிடைக்காது. இப்படிக் கேளுங்கள்: கண் முதலில் எங்கே போகிறது? எந்த நேரத்து வெயில் என்று தெரிகிறதா? வகுப்பறையின் மறுமுனையிலிருந்து பலகையைப் படிக்க முடிகிறதா? சொல்லப்படும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே வாதாடாதீர்கள். அதே பலகையைக் கடைக்காரரிடமும் காட்டுங்கள். ஆசிரியர் பாராட்டி, கடைக்காரர் மாட்ட மறுத்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். ஏன் என்று கேட்டுத் திருத்துங்கள்.

சப்மிஷனுக்கு முன் உங்களை நீங்களே கேட்க ஒரு பட்டியல்:

• டிராயிங்கில், பார்த்து வரைந்தது எது, பழக்கத்தால் வரைந்தது எது என்று சுட்ட முடிகிறதா?
• எல்லா நீள்வட்டங்களும் ஒரே கண்மட்டத்துக்கு உட்பட்டவையா?
• பெயின்டிங்கில் டியூப்பிலிருந்து நேராக வந்த நிறம் எங்காவது கலக்காமல் நிற்கிறதா? நின்றால் அது வேண்டுமென்று வைத்ததா?
• பலகையிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்துவிட்டாலும் செய்தி போய்ச் சேருமா? சேரும் என்றால் எடுத்துவிட்டீர்களா?

இந்தச் சுற்றை ஒருமுறை முடித்தவர்கள் அடுத்த பருவத்தில் வேறொரு பொருளை எடுத்து, வரிசையைத் திருப்பிச் செய்து பாருங்கள். பஞ்சர் கடைக்காரருக்கு என்ன பலகை தேவை என்று தொடங்குங்கள். இரண்டாம் நாளே, டியூப் எப்படி மடிகிறது, காற்றடிக்கும் பம்பின் கைப்பிடி எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று தெரியாமல் கை நின்றுவிடும். அப்போது பென்சிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.